பெயர் பொருந்தவில்லை

கரும்பள்ளம் நிலையம், நிலாவின் தென்முனை
பதிவு செய்பவன்: ரெக்ஸன்

காலை 8:10

கட்டி முடித்துவிட்டேன்! கரிச்சான் பிரவுசரின் புதுப் பதிப்பு, என் கையால் கட்டிய சொந்தப் பதிப்பு, இதோ நிலையத்தின் கணினியில் ஓடிக்கொண்டிருக்கிறது. குதிக்க வேண்டும் போலிருக்கிறது. இங்கே குதித்தால் தலை கூரையில் இடிக்கும், அதனால் எழுதுகிறேன்.

இதை என்றைக்காவது கண்டெடுத்துப் படிக்கப்போகிற முகம் தெரியாத நண்பரே, முதலில் விவரம். இங்கே நாங்கள் இரண்டே பேர். சௌடேஸ்வரி அக்கா நிலவியல்காரர், சேலம், எனக்குத் தலைவி. நான் தூத்துக்குடி. பட்டம் கிடையாது. கரிச்சானின் மேல் பைத்தியமாக இருந்து, அதன் நிரலை இரவு பகலாக நோண்டி, அந்த ஒரே தகுதியில் நிலா வரைக்கும் வந்து சேர்ந்தவன்.

இந்த நிலையத்தில் எல்லாமே வலைப்பக்கம்தான். காற்றுக்கு ஒரு பக்கம், தண்ணீருக்கு ஒரு பக்கம், கதவுக்கு ஒரு பக்கம். இதையெல்லாம் செய்து கொடுத்த கம்பெனி கூடவே தன் பிரவுசரையும் தலையில் கட்டியது. பிறகு கடையை மூடிவிட்டுப் போய்விட்டது. அப்டேட் இல்லை, கேட்க ஆள் இல்லை. வாரம் ஒருமுறை அது அப்படியே உறைந்து நிற்கும். அதைத் தூக்கி எறிந்துவிட்டுக் கரிச்சானை உட்கார வைத்தவன் நான். சம்பளமே வாங்காமல் உலகெங்கும் இருக்கிற சில கிறுக்கர்கள் சேர்ந்து எழுதுகிற திறந்த மூல பிரவுசர் இது. குருவி சின்னதுதான். ஆனால் பருந்தையே விரட்டும்.

இன்றைய பதிப்பில் என்னென்ன? டேப்கள் இடது ஓரத்துக்குப் போய்விட்டன. கறுப்புத் தீம், கண்ணுக்குக் குளுகுளுவென்று. ஏதாவது பக்கம் "உங்கள் பிரவுசரில் இயங்காது" என்று முரண்டு பிடித்தால், நான்தான் அந்தப் பழைய கம்பெனி பிரவுசர் என்று கரிச்சான் கூசாமல் பொய் சொல்லும்.

அப்புறம் என் செல்லம்: எழுத்துத் திருத்தி. ஔகாரத்தை ஆட்கள் கொலை செய்வதைப் பார்த்துப் பார்த்து வயிறெரிந்தவன் நான். 'கௌ' என்பது ஒரே எழுத்து. அதைக் கொம்பு, க, ள என்று பிரித்து அடிக்கிற கூட்டம் ஒன்று இருக்கிறது. திரையில் இரண்டும் அச்சு அசல் ஒன்றுதான். உள்ளே போய்ப் பார்த்தால் அது 'கெ', 'ள' என்று இரண்டு எழுத்தாக உட்கார்ந்திருக்கும். தேடினால் கிடைக்காது. வரிசைப்படுத்தினால் எங்கோ போய் நிற்கும். இனிமேல் யார் எப்படித் தப்பாக அடித்தாலும் கரிச்சான் சத்தமில்லாமல் சரியான ஔகாரமாக மாற்றிக்கொள்ளும். எக்ஸ்டென்ஷனாகச் செய்யவில்லை. பிரவுசரின் எலும்புக்குள்ளேயே வைத்துக் கட்டிவிட்டேன்.

கணினியின் வட்டில் இடம் போதவில்லை. பழைய பதிப்பை அழித்துவிட்டேன். அதன் புரொஃபைலும் போயிற்று. புது வீட்டுக்குப் பழைய பாய் எதற்கு?

அக்கா திறந்த வண்டியில் பள்ளத்துக்குக் கிளம்புகிறார். ரேடியோ:

"என்ன கண்ணு, காலங்காத்தாலயே குருவிக்குக் கூடு கட்டியாச்சாட்ட இருக்குது?"

"கட்டியாச்சுக்கா! வந்து பாருங்க, அசந்துருவீங்க."

"அசர்றது இருக்கட்டும். மத்தியானத்துக்குப் பருப்பு பாக்கெட்ட ஊறப் போடு சாமி. போன தடவ பல்லு போயிருக்கும்."

காலை 11:35

அக்கா திரும்பிவிட்டார். காற்றுப்பூட்டு அறைக்குள் நிற்கிறார். வெளிக்கதவை மூடியாயிற்று. இனி அந்த அறையில் காற்று நிரம்ப வேண்டும், அதன் பிறகுதான் என் பக்கத்து உட்கதவு திறக்கும். நிரப்பும் உத்தரவை நிலையத்துக்குள் இருப்பவர் கொடுக்க வேண்டும். யார் வருகிறார்களோ அவர் பெயரைக் கதவுப் பக்கத்தில் அடிக்க வேண்டும். ஆள் மாறாட்டமோ கைத்தவறுதலோ ஆகிவிடக் கூடாது என்று வைத்த விதி.

அடித்தேன்.

"பெயர் பொருந்தவில்லை. இன்னும் இரண்டு முறை."

சிரித்துவிட்டேன். அவசரத்தில் விரல் எங்கோ போயிருக்கும். மெதுவாக, எழுத்து எழுத்தாக அடித்தேன். பொருந்தவில்லை. மூன்றாம் முறையும் அதே. பத்து நிமிடப் பூட்டு விழுந்துவிட்டது. பூட்டு விழுந்தால் வெளிக்கதவும் திறக்காது.

இப்போதுதான் உறைக்கிறது. இத்தனை நாளில் அவர் பெயரை நான் ஒருமுறைகூட முழுதாக அடித்ததில்லை. எனக்கு முன்னால் இங்கே இருந்த யாரோ கம்பெனி பிரவுசரில் அடித்து வைத்தது, அப்படியே பழைய கரிச்சானின் நினைவுக்கும் வந்திருந்தது. 'ச' என்று தொட்டாலே முழுப்பெயரும் வந்து நிற்கும். அந்த நினைவைத்தான் காலையில் புரொஃபைலோடு சேர்த்து அழித்தேன்.

"ஏப்பா, கதவு தூங்குதா?"

"இல்லக்கா, புதுசுல்லா, சின்ன இடக்கு. கேச்சக் காலி பண்ணுனா சரியாயிரும்."

"வெசையாப் பண்ணு. எனக்குப் பசி கண்ணக் கட்டுது."

பிற்பகல் 12:05

கேச் காலி. குக்கி காலி. சேஃப் மோடில் திறந்தேன், எக்ஸ்டென்ஷன் ஒன்றுகூட இல்லாமல். பழைய கம்பெனி பிரவுசர் என்று பொய் சொல்லிப் பார்த்தேன். பொய்யை நிறுத்தி உண்மை சொல்லியும் பார்த்தேன். கணினியின் கடிகாரம் சரி. பக்கத்தின் சான்றிதழ் சரி. பக்கம் அழகாகத் திறக்கிறது, பெயரை அழகாக வாங்கிக்கொள்கிறது, அழகாக மறுக்கிறது.

மறுபடியும் மூன்று முறை. இந்த முறை பூட்டு இருபது நிமிடம். ஒவ்வொரு தடவையும் இரட்டிக்கும் போலிருக்கிறது. இதை வடிவமைத்தவன் கையில் கிடைத்தால்...

அக்காவின் உடையில் இன்னும் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் காற்று. போதும். நிறைய நேரம் இருக்கிறது. பூமியைக் கூப்பிட்டுக் கேட்கலாம் என்றால், எங்கள் பேச்சைக் கடத்துகிற செயற்கைக்கோள் மலைக்கு அந்தப்பக்கம் போயிருக்கிறது. சாயங்காலம்தான் வரும்.

அறைக்குள் ஒரு கைத்திருகு உண்டு. கணினி செத்தாலும் காற்றைத் திறந்துவிட.

"அக்கா, உங்க வலப்பக்கம், முட்டிக்கிட்ட, செவப்புத் திருகு. அதத் திருகிப் பாருங்க."

"நீ சொல்றதுக்கு முன்னாடியே பாத்துட்டேன் கண்ணு. மண்ணு புகுந்து இறுகிக் கெடக்குது. நாலாளு வேணும்."

"சரி, விட்ருங்க, விட்ருங்க. மூச்சு வாங்காதீங்க."

பிற்பகல் 12:35

ஒருவேளை பதிவில் பெயர் வேறு மாதிரி இருக்குமோ? பூட்டு விட்டதும் 'ந. சௌடேஸ்வரி' என்று இனிஷியலோடு அடித்தேன். இல்லை. 'சௌடேசுவரி'. இல்லை. பெயருக்குப் பின்னால் ஓர் இடைவெளி விட்டு. இல்லை.

நாற்பது நிமிடம்.

யோசிக்காமல் மூன்றையும் எரித்துவிட்டேன். நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன்?

பழைய பதிப்பை மறுபடியும் கட்டலாமா? மூல நிரல் இருக்கிறது. இந்தக் கிழட்டுக் கணினியில் ஒருமுறை கட்டிமுடிக்க ராத்திரி முழுக்க ஆனது. அழித்த கோப்பை மீட்கும் நிரலை ஓட்டினேன். அழித்த இடத்தின் மேலேயே புதுப் பதிப்பு உட்கார்ந்திருக்கிறது. என் இடது ஓர டேப்களும் என் கறுப்புத் தீமும் அதன் பிணத்தின் மேல்.

கதவின் மின்சாரத்தைப் பிடுங்கினால் பூட்டு மறந்துபோகுமா? பிடுங்கினேன். அதற்கென்று தனி பேட்டரி இருக்கிறது. அது அக்கா பக்கத்துச் சுவருக்குள்.

"என்ன பண்றே? லைட்டெல்லாம் கண்ணடிக்குது."

"ஒண்ணுமில்லக்கா. எளவு, இது கேக்க மாட்டேங்குது."

"கோவப்படாத. எங்கூட்டு மிக்சிகூட இப்படித்தான். ரெண்டு தட்டுத் தட்டு."

தட்டினேன். சத்தியமாக, மானிட்டரை இரண்டு தட்டு தட்டினேன்.

பிற்பகல் 1:15

பக்கத்தை ஓரம்கட்டிவிட்டு, பிரவுசரின் உள்ளறைக்குப் போய், பெயரை நேரடியாகக் கதவுக்கே அனுப்பினேன். நடுவில் பெட்டி இல்லை, பட்டன் இல்லை. என் விரல், அங்கிருந்து கதவின் மூளை. இதற்கு மேல் சுத்தமான வழி கிடையாது.

பொருந்தவில்லை.

நிறுத்தியிருக்க வேண்டும். இன்னொரு தடவை அனுப்பினேன், ஏதோ எழுத்தை விட்டுவிட்டேன் என்று நினைத்து. அப்புறம் இன்னொன்று. அந்த மூன்றாவதை ஏன் அனுப்பினேன் என்று எனக்குத் தெரியாது.

எண்பது நிமிடம். 2:35 வரைக்கும் கதவு எதையும் கேட்காது. அக்காவின் காற்று இரண்டு மணிக்குத் தீரும்.

அவரிடம் எப்படிச் சொல்ல?

"அக்கா... பூட்டு இப்போ கொஞ்சம் அதிகமா விழுந்துருச்சு."

"எவ்வளவு?"

சொன்னேன்.

"கணக்கு ஒதைக்குதே சாமி."

"தப்பு என்மேலதான்க்கா. நாந்தான்..."

"அழுகாத. அழுதா உன்ற காத்தும் செலவாகும்."

பிற்பகல் 1:25

கண்டுபிடித்துவிட்டேன் கண்டுபிடித்துவிட்டேன்

பேசாமல் இருங்கள் என்று எத்தனை சொல்லியும் அக்கா கேட்கவில்லை. என்னை அமைதிப்படுத்தத்தான் பேசியிருக்கிறார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"ஒரு தமாசு சொல்றேன் கேளு. பயிற்சி முகாம்ல வருகைப் பதிவுக்கு ஒரு மெஷினு வெச்சிருந்தாங்க. பதிவுல இருக்கற பேர அதுவே சத்தமா வாசிக்கும். அத்தன பேரையும் கணீர்னு வாசிக்கும், என்ற பேரு வந்தா மட்டும் அதுக்கு நாக்கு தடுக்கிரும். 'செ-ள-டேஸ்வரி'ங்கும். செளச் செளன்னு. ரெண்டு வருசம் முகாம் பூராம் எனக்கு அதுதான் பேரு. இட்லிக்கார அம்மாகூட 'செள, சட்னி வேணுமா'ன்னு கேக்கும்."

மெஷின் திரையைப் பார்த்து வாசிக்காது. உள்ளே இருப்பதைத்தான் வாசிக்கும். உள்ளே 'செ' இருக்கிறது, 'ள' இருக்கிறது. எவனோ ஒருவன் அவர் பெயரைக் கொம்பும் ளவுமாகப் பிரித்து அடித்து, அதுவே பதிவாகி, இந்தக் கதவு வரைக்கும் வந்திருக்கிறது. கதவுக்குத் தெரிந்தது அந்தப் பெயர் மட்டும்தான். நான் சரியாகவே அடித்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு தடவையும் 'சௌ' சரியாக. தப்பாக அடித்திருந்தாலும் என் கரிச்சான் விட்டிருக்காது.

"அக்கா! உங்க பேர எவனோ தப்பா அடிச்சு வச்சிருக்கான்! கொம்பு, ச, ளன்னு பிரிச்சு!"

"அதுல என்ன தப்பு? எங்க டீச்சரும் அப்படித்தான எழுதிப் பழக்குனாங்க?"

"கையால எழுதுனா ரெண்டும் ஒண்ணுக்கா. கம்ப்யூட்டருக்கு அது வேற ஆளு."

"அடப் பாவமே. அப்போ இத்தன நாளா வேற எவளுக்கோ கதவத் தொறந்து நான் உள்ள வந்துட்டு இருந்தனா?"

சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

காலிப் பெட்டி ஒன்றில் சோதித்தேன். தப்பாக அடிக்கிறேன், கண் இமைப்பதற்குள் திருத்திவிடுகிறது. திரையில் ஒன்றுமே மாறுவதில்லை, எழுத்தின் எண்ணிக்கை மட்டும் ஒன்று குறைகிறது. அணைக்க சுவிட்ச் இல்லை. நான் வைக்கவில்லை. தமிழைச் சரியாக எழுதுவதை யார் அணைக்கப் போகிறார்கள் என்று காலையில் நினைத்தேன்.

வழி இருக்கிறது. எழுத்தாக அடிக்காமல், ஒவ்வொரு எழுத்துக்கும் கணினி வைத்திருக்கிற எண்ணை வரிசையாகக் கொடுத்துப் பெயரை உண்டாக்க வேண்டும். எண்ணைத் திருத்த என் திருத்திக்குத் தெரியாது. எழுதி வைத்துவிட்டேன். நான்கு முறை சரிபார்த்துவிட்டேன். சாவி கையில் இருக்கிறது. பூட்டு இன்னும் பூட்டியே இருக்கிறது.

பிற்பகல் 1:50

அக்கா இனிப் பேச மாட்டார். பேசினால் காற்று போகும். உட்கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துவிட்டார், காற்றின் அளவை மட்டுமட்டாகக் குறைத்துக்கொண்டு. கதவிலிருக்கும் வட்டக் கண்ணாடி வழியாக அவர் தலைக்கவசத்தின் உச்சியும் வலது கையும் தெரிகின்றன. நான் டார்ச் அடித்தால் அவர் ஒரு விரலைத் தூக்குவார். அதுதான் ஏற்பாடு.

விரல் வருகிறது.

கதவை உடைக்க முடியுமா என்று சுற்றிச்சுற்றி வந்தேன். இரும்பை அறுக்கிற கருவிகள் அக்கா கொண்டுபோன வண்டியில் இருக்கின்றன. என் கையில் ஸ்க்ரூடிரைவர். கைத்திருகின் குழாய் சுவருக்குள் எந்தப் பக்கமாக ஓடுகிறது என்று தட்டித் தட்டிக் கேட்டேன். பேனலைக் கழற்றினேன். அடியில் இன்னொரு பேனல். நகம் பெயர்ந்துவிட்டது.

பிற்பகல் 2:08

விரல் வந்தது. மெதுவாக.

கணக்குப்படி காற்று தீர்ந்திருக்க வேண்டும். மிச்சம் இருக்கிறது. எப்படி மிச்சம் பிடிக்கிறார்? அந்த ஊர்க்காரர்கள் எதையும் வீணாக்க மாட்டார்கள். 

நானாகத்தான் பேசிக்கொண்டிருக்கிறேன் ரேடியோவில். என்ன பேசினேன் என்று தெரியவில்லை. எங்கள் ஊர் திரேஸ்புரத்துப் படகுகள், நெட் சென்டர் அண்ணன் என்னை விரட்டியது, நான் எழுதிய திருத்தத்தை முதன்முதலில் கரிச்சானில் சேர்த்துக்கொண்ட அன்று தெரு முழுக்க மிட்டாய் கொடுத்தது. 

திடீரென்று அவர் குரல். ரொம்பச் சின்னதாக.

"ரெக்ஸா. பருப்பு ஊறுதா?"

"ஊறுதுக்கா. ஊறிக்கிட்டே இருக்கு. பேசாதீங்க."

ஊறப் போட மறந்துவிட்டேன்.

பிற்பகல் 2:21

டார்ச் அடித்தேன்.

டார்ச் அடித்தேன்.

விரல் வரவில்லை. கை மடிமேல் விழுந்து கிடக்கிறது. கண்ணாடியில் அடிக்கிறேன், அந்தப்பக்கம் காற்றில்லை, எந்தச் சத்தமும் போகாது, தெரிந்தும் அடிக்கிறேன்

பிற்பகல் 2:35

எண்களை அனுப்பினேன்.

"பெயர் பொருந்துகிறது. காற்று நிரம்புகிறது."

அறைக்குள் தூசி எழுகிறது. அவர் உடையிலிருந்து நிலாவின் மண் புகைபோலக் கிளம்புகிறது. காற்று போகிறது, உள்ளே காற்று போகிறது. இப்போது பம்பின் சத்தம் கேட்கிறது. அக்காவின் சத்தம் கேட்கவில்லை. சீக்கிரம். சீக்கிரம்.

பிற்பகல் 2:44

இழுத்து வந்துவிட்டேன். கவசத்தைக் கழற்றிவிட்டேன். உதடு நீலமாக இருக்கிறது. மூச்சு இருக்கிறது! கன்னத்தை வைத்துப் பார்த்தேன், இருக்கிறது. நூல் மாதிரி. ஒன்று வந்து, நின்று, நின்று, அடுத்தது. கூப்பிட்டால் கண் திறக்கவில்லை.

சுவாச இயந்திரம் சுவர் அலமாரியில் இருக்கிறது. கண்ணாடிக்குப் பின்னால் குழாயும் முகமூடியும் தெரிகின்றன. அலமாரிக்கும் ஒரு வலைப்பக்கம்தான். திறந்தேன்.

"நோயாளியின் பெயரை உள்ளிடவும்."

அடித்துவிட்டேன். கை தானாக அடித்துவிட்டது, எழுத்தாகவே. கரிச்சான் திருத்திக் கொடுத்துவிட்டது.

"பெயர் பொருந்தவில்லை. இன்னும் இரண்டு முறை."

எண்களாக அனுப்பினேன். கதவு ஏற்றுக்கொண்ட அதே எண்கள். 

"பெயர் பொருந்தவில்லை. இன்னும் ஒரு முறை."

மருத்துவக் கோப்பை முகாமில் அடிக்கவில்லை. கிளம்பும் முன் ஊரில் ஏதோ ஓர் ஆஸ்பத்திரியில், வேறு யாரோ, வேறு ஏதோ கீபோர்டில். மூன்றாவது ஒரு வழி உண்டு: பார்க்க ள போலவே இருந்து, ள இல்லாத தனிக் குறி ஒன்று. பழைய கீபோர்டுகளில் அது வரும். அதுவாக இருக்கலாம். அல்லது அந்தப் பிரித்த வடிவமேதான், கூட இனிஷியல் இருக்கலாம். அல்லது ஒரே எழுத்தான சரியான 'சௌ'தான், இனிஷியலோடு. இனிஷியலுக்குப் பின்னால் புள்ளி வைத்தார்களா?

கண்ணாடியை நாற்காலியால் அடித்தேன். நாற்காலி உடைந்தது.

மூன்றையும் அடுத்தடுத்து எழுதி வைத்துப் பார்க்கிறேன்.

சௌடேஸ்வரி
செளடேஸ்வரி
சௌடேஸ்வரி

மூன்றும் ஒன்றுபோலவே இருக்கின்றன.

மூச்சுக்கு மூச்சு இடைவெளி கூடுகிறது.

அக்கா, ஆஸ்பத்திரியில் உங்கள் பெயரை எப்படி வாசித்தார்கள்? நினைவிருக்கிறதா? ஒரே ஒரு தடவை கண்ணைத் திறந்து சொல்லுங்கள். திட்டக்கூடச் செய்யுங்கள். அக்கா

அடிக்கிறேன்